மணிக்கு உடம்பு சரியில்லை

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

ஆர்மோனியப் பெட்டியின் முன்னால் கமலம் மிஸ்.

பிரம்பு நாற்காலியில் காரியதரிசி அம்மாள். மடியில் நோட்டுப் புத்தகம்.

ஜன்னலுக்கு வெளியே காசிம் பாய், ஜட்கா வண்டிக்காரர். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. எட்டித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடத்தின் நடுவில் பதினேழு பிள்ளைகள். பாட்டுக்கு யானை நடை நடந்துகொண்டிருந்தார்கள்.

மேஜையை ஒட்டி இன்னொரு பிள்ளை. பெயர் சாரதா. நாலு வயது. அவள் யானை நடக்கவில்லை. மேஜை விரிப்பின் நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவோரம் நான், ரோசம்மா. அந்தப் பள்ளிக்கூடத்து ஆயா. என் கையில் பித்தளை மணி இருந்திருக்க வேண்டும். இல்லை.

கமலம் மிஸ் பாட்டை நிறுத்தினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மணி அடி என்று அர்த்தம்.

நான் அடிக்கவில்லை.

ஏன் அடிக்கவில்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மணி என் வேலை

நான் அந்த வேலைக்குச் சேர்ந்தது தனிக் கதை. பள்ளிக்கூடம் என்றால் பெரிய கட்டடம் இல்லை. லஸ்ஸுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீடு. மயிலாப்பூர்ப் பெரிய வீட்டு அம்மாமார் சிலர் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்காக நடத்தினார்கள். வருஷம் சரியாக நினைவில்லை. மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்த இடத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கிருந்து நாலு பிள்ளைகள் காசிம் பாய் வண்டியில் வந்தார்கள்.

அங்கே எழுத்து கிடையாது. சிலேட்டு கிடையாது. பாட்டு, ஆட்டம், மரக்கட்டை, மணல் தொட்டி. பிள்ளைகளின் மனசு முதலில் நன்றாக இருக்க வேண்டும், எழுத்து தானாக வரும் என்பார் கமலம் மிஸ். அவர் இதற்கென்று படித்துவிட்டு வந்தவர். நான் இரண்டாம் வகுப்பு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

காசிம் பாய்க்கும் விளங்கவில்லை.

"இன்னா ரோசம்மா, காலீலந்து ஆட்டம், பாட்டு. இது இஸ்கோலா, கூத்துக் கொட்டாயா?"

"எனக்கு இன்னா தெரியும் பாய். பால் காச்சச் சொன்னா காச்சறேன்."

"நல்ல இஸ்கோலு. எங்குதிரையக்கூட சேத்துடலாம் போல."

கூடத்தைத் துடைப்பது, பாய் விரிப்பது, பால் காய்ச்சுவது, பிள்ளைகளைக் கொல்லைப்புறம் அழைத்துப் போவது, இதெல்லாம் என் வேலை. சாயங்காலம் வாசல் கதவைத் திறக்கும் முன்னால் ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கை வைத்து எண்ண வேண்டும். நான் இரண்டு தடவை எண்ணுவேன். பிள்ளைகளை மட்டும்தான். பெரியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

மணியும் என் வேலை. மிஸ்ஸுக்கு ஒரு கை கட்டையில், ஒரு கை துருத்தியில். மணி அடிக்க மூன்றாவது கை இல்லை. யானைப் பாட்டு, தவளைப் பாட்டு, ரயில் பாட்டு என்று வாசிப்பார். பிள்ளைகள் அப்படியே நடப்பார்கள், தாவுவார்கள், ஓடுவார்கள். பாட்டு நின்றதும் நான் ஒரு தடவை மணி அடிப்பேன். எல்லோரும் ஓடிவந்து வட்டமாக உட்கார வேண்டும்.

வட்டத்தில் உட்கார்ந்ததும் மிஸ் கேட்பார்.

"இன்னிக்கு யாருக்குக் கோவம் வந்திருக்கு?"

பாலு என்று ஒரு பிள்ளை. தினமும் அவனுக்குக் கோபம்.

"நேக்கு!"

"எவ்வளவு கோவம்? காட்டு பாக்கலாம்."

அவன் காலைத் தரையில் உதைப்பான். அவன் உதைக்க உதைக்க மிஸ் ஆர்மோனியத்தின் தடித்த கட்டைகளை அழுத்துவார். பெட்டி உறுமும். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் கோபம் வந்தால் அடி விழும். கோபத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கோணல் பின்னல்

சாரதா பொங்கல் கழித்து வந்தாள். அப்பா கையைப் பிடித்துக் கொண்டுவந்தார். அவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. முதலியார். ஒல்லியான மனுஷர், கக்கத்தில் எப்போதும் ஒரு காகிதக் கட்டு. பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்திருந்தது, ரிப்பன் கட்டியிருந்தது. பின்னல் மட்டும் கோணலாக இருந்தது. பெண்துணை இல்லாத வீடு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அவள் அம்மா ஐப்பசியில் இறந்துபோனாளாம். ரொம்ப நாள் படுக்கையில் இருந்தாளாம்.

அவர் மிஸ்ஸிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"என் தங்கச்சி சைதாப்பேட்டைல கீறா. கொயந்தைய எங்கிட்ட குடுத்துடு அண்ணான்றா. அவளுக்கே ஏழு புள்ளைங்க. நான் கோர்ட்டுக்குப் போற நேரம் இவள இங்க வெச்சுக்கினீங்கன்னா எங்கூடவே இருப்பா. இல்லாட்டி சைதாப்பேட்டைதான். எனக்கு வேற வயி இல்லம்மா."

முதல் நாள் மணி அடித்தேன். பதினேழு பிள்ளைகளும் வட்டத்துக்கு ஓடிவந்தார்கள். சாரதா மேஜைக்கு அடியில் போய்விட்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு உருண்டையாக இருந்தாள். அழவில்லை. தரை ஈரமாக இருந்தது.

துடைத்தேன்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை மணி அடிப்பேன். மூன்று தடவை மேஜைக்கு அடியில் போனாள். மூன்று தடவை துடைத்தேன். பாவாடையை அலசிக் காயப்போட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று. அப்படியேதான் இருந்தாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். மணிக்கட்டில் கடித்துவிட்டாள். ரத்தம் வந்தது. அந்த வடு ரொம்ப வருஷம் இருந்தது.

மிஸ் ஓடிவந்தார். என் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே திட்டினார்.

"இழுக்கப்படாது ரோசம்மா. அவளா வரணும்."

"எப்ப மிஸ்ஸம்மா வருவா?"

"தெரியலை."

படித்தவர்கள் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாக இருந்தது.

குதிரைக்குப் பயம் இல்லை

மணிச் சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். காசிம் பாய் சிரித்தார். அப்பாவுக்கு நேரமாகிவிட்டால் சாரதா பாய் வண்டியில்தான் வருவாள். குதிரையின் கழுத்தில் ஏழெட்டு மணி தொங்கும். அவள் முன்னால் உட்கார்ந்து எட்டி எட்டி அதைத் தொடுவாளாம்.

"எங்குதிர மணின்னா தொட்டு ஆட்டுது. உங்க மணிக்கு ஓடுது. உங்க மணி இன்னா, கடிக்குமா?"

டிராம் வண்டி மணி அடித்துக்கொண்டு போகும். அதற்கும் அவள் பயப்படவில்லை. கோயில் மணிக்கும் இல்லை. இந்தப் பித்தளை மணிக்கு மட்டும்தான்.

நான் யோசித்தேன். சாவு வீட்டில் சங்கு ஊதுவார்கள், சேகண்டி அடிப்பார்கள். அம்மா செத்த அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பாள். அதுதான் பயம். இது எனக்குத் தோன்றியதும் எனக்கே பெருமையாக இருந்தது. மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ் அப்பாவைக் கேட்டார்.

"இல்லம்மா. அன்னிக்கு அவ இங்க இல்ல. மொத நாளே சைதாப்பேட்டைக்கு அனுப்சிட்டேன். ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல."

என் யோசனை அதோடு முடிந்தது.

மிஸ் மணியின் நாக்கில் துணி சுற்றிப் பார்த்தார். கொல்லையில் போய் நின்று அடி என்றார். நான் போய் அடித்தேன். மெல்ல அடி என்றார். மெல்ல அடித்தேன். எப்படி அடித்தாலும் அவள் மேஜைக்கு அடியில் இருந்தாள்.

பிறகு வேறொன்று நடந்தது. மணி அடித்ததும் பாலுவும் மேஜைக்கு அடியில் போனான். அவனுக்கு அது விளையாட்டு. மறுநாள் இன்னும் மூன்று பேர் போனார்கள். மேஜை நகர்ந்தது, பூச்சாடி உடைந்தது. ஒரு பிள்ளை வீட்டில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு சாப்பிட வரமாட்டேன் என்றதாம். பிள்ளைகளின் அம்மாமார் புகார் சொன்னார்கள்.

காரியதரிசி அம்மாள் வந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் கண்டிப்பானவர்.

"ஒரு குழந்தைக்காகப் பதினேழு குழந்தையைக் கெடுக்க முடியாது, கமலம். கோடை லீவு விடறதுக்குள்ள மணி அடிச்சா அவ வட்டத்துல உக்காரணும். இல்லேன்னா பேரை எடுத்துடு."

"மாமி, அவ அப்பா சைதாப்பேட்டைக்கு அனுப்பிச்சுடுவார். அவளுக்கு இருக்கறது அவர் ஒருத்தர்தான்."

"நேக்குப் புரியறது. என்ன பண்றது சொல்லு? வியாழக்கிழமை வந்து பாக்கறேன்."



பெரிய வியாழன்

அது எங்களுக்குப் பெரிய வியாழன்.

நான் சாந்தோம்காரி. எங்கள் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மாதாகோயிலைச் சுற்றி இருந்தவர்கள். பெரிய வியாழன் காலைப் பூசையில் கோயில் மணி எல்லாவற்றையும் ஒன்றாக அடிப்பார்கள். அதோடு நிறுத்திவிடுவார்கள். சனிக்கிழமை வரை மணி கிடையாது. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். ஆண்டவர் பாடுபட்டுச் சாகிற நாள்களில் மணிக்கு வாய் இல்லை என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா இன்னும் ஒரு படி மேலே. ஆட்டுக்குட்டியின் கழுத்தில் இருக்கும் மணியைக்கூடக் கழற்றி வைத்துவிடுவாள்.

முந்திய வருஷங்களில் பெரிய வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. அந்த வருஷம் வெள்ளிக்கிழமையிலிருந்துதான் விட்டார்கள்.

காலைப் பூசை முடிந்து நேராக வேலைக்கு வந்தேன். ஆணியில் மணி தொங்கியது. எடுக்கப் போனேன். கை போகவில்லை. இது வேறு மதத்தார் பள்ளிக்கூடம், இந்த மணி வேறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை போகவில்லை. அடுப்பங்கரையில் சவுக்கு விறகு இருந்தது. சிம்பு இல்லாத துண்டாக இரண்டு எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

முதலில் சொன்ன இடத்துக்கு இப்போது வந்துவிட்டோம். மிஸ் தலையை ஆட்டினார். நான் கட்டையைத் தட்டினேன்.

டக்.

பிள்ளைகள் நடு யானையில் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. பாலுதான் கேட்டான்.

"ஆயா, மணி எங்கே?"

காரியதரிசி அம்மாள் என்னைப் பார்த்தார். ஆண்டவர் கதையை அங்கே சொல்ல முடியுமா? வேதம் போதிக்கிறாள் என்று ஆகிவிடும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மணிக்கு ஒடம்பு சரியில்ல கண்ணு."

"என்ன ஒடம்புக்கு?"

"ஜொரம்."

மணிக்கு எப்படி ஜுரம் வரும் என்று ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

சாரதா மேஜைக்கு அடியில் போகவில்லை. விரிப்பை விடவும் இல்லை. என்னையே பார்த்தாள். நான் இன்னொரு தடவை தட்டினேன். விரிப்பை விட்டாள். நடந்து வந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

கட்டைகளைக் கொடுத்தேன்.

தட்டினாள். அதில் தாளம் இல்லை. இரண்டு தட்டு, அப்புறம் ஒன்றும் இல்லை, அப்புறம் நாலு தட்டு. மிஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் தட்டுவதற்குத் தகுந்த மாதிரி வாசிக்க ஆரம்பித்தார். அதுவரை பிள்ளைகள்தான் ஆர்மோனியத்தின் பின்னால் நடந்தார்கள். அன்று ஆர்மோனியம் சாரதாவின் பின்னால் நடந்தது. நொண்டி நொண்டி நடந்தது. மற்றப் பிள்ளைகள் எழுந்து அதற்கு ஆடப் பார்த்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஜன்னலில் காசிம் பாய் சிரிப்பது கேட்டது.

சாரதா சிரிக்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

"கமலம், என்ன இது? மணி எங்கே?"

"புது முறை மாமி."

"முறை இருக்கட்டும். மணி அடிச்சா உக்காரணும்னு நான் சொன்னேன். விறகை அடிச்சா இல்லை. கடைசி நாள் வரேன். அன்னிக்கு மணிதான் அடிக்கணும்."

அவர் போனதும் மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"எப்படி ரோசம்மா உனக்குத் தோணித்து?"

உள்ளதைச் சொன்னேன்.

"சாமி செத்து எந்திரிக்கற வரிக்கும் நாங்க மணி அடிக்க மாட்டோம் மிஸ்ஸம்மா. பயக்கம். கை வரல. தப்புதான்."

மிஸ் சிரித்தார். சிரிக்கச் சிரிக்கத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர்.

"யோசிச்சு யோசிச்சு நான் ஒண்ணும் பண்ண முடியலை. நீ யோசிக்காமயே பண்ணிட்டே."

அவர் சந்தோஷமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பால் பாத்திரம் கழுவப் போனேன்.

நாக்கை நீட்டு

ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாள் முடிந்து செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. சனிக்கிழமையே கோயிலில் மணி அடித்துவிட்டது. இனி எனக்குத் தடை இல்லை. மணியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

"ஆயா, ஜொரம் விட்டுடுத்தா?" என்று பாலு கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் வேறு குரல் வந்தது.

"இல்ல. இன்னும் ஜொரம்."

சாரதா. அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய முதல் பேச்சு அது.

என் கையிலிருந்து மணியை வாங்கினாள். நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் கொண்டுபோனாள். மூலையில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். நான் தூசு தட்டும் துணியைப் போர்த்தினாள். பால் குடிக்கும் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். மணியைத் தலைகீழாகப் பிடித்து அதன் வாயில் ஊற்றினாள்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் விரலை வாயில் வைத்துக் காட்டினார்.

அதிலிருந்து தினமும் அதுதான் விளையாட்டு. மணல் கஞ்சி வந்தது. இலை மருந்து வந்தது. பாலு டாக்டர். "நாக்கை நீட்டு" என்பான். மணியின் நாக்கு எப்போதும் நீட்டியபடிதான். "நன்னா நீட்டறது. சமத்து" என்பான். மிஸ் ஆர்மோனியத்தை அந்த மூலைக்கே தள்ளிக்கொண்டு போய் மெல்ல வாசித்தார். வார்த்தை இல்லாத பாட்டு. சாரதா போர்வையைத் தட்டிக்கொடுக்கிற வேகத்தில் வாசித்தார். வட்டத்துக்குக் கூப்பிட நான் கட்டையைத் தட்டினேன். சாரதா வட்டத்தில் உட்காரத் தொடங்கினாள். மணியையும் மடியில் வைத்துக்கொள்வாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. மணிக்குள் பச்சை பிடித்துவிட்டது. சனிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்த்தேன்.

"பித்தளை பாயாப் போவுது மிஸ்ஸம்மா."

"போட்டும்."

காசிம் பாயிடம் சொன்னேன்.

"மணிக்கு வைத்தியமா? எங்குதிர நாலு நாளா இருமிக்கினு கீது. அதுக்குக் கஞ்சி குடுக்க ஒரு ஆள் இல்ல."

ஒன்று மட்டும் கவனித்தேன். மற்றப் பிள்ளைகள் தோன்றும்போது வந்து கஞ்சி ஊற்றிவிட்டுப் போவார்கள். சாரதா அப்படி இல்லை. மணலில் விளையாடிக்கொண்டிருப்பாள். திடீரென்று நிமிர்வாள், யாரோ கூப்பிட்ட மாதிரி. கையை உதறிவிட்டு ஓடித் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவாள். ஒரு சத்தமும் இருக்காது. நானும் காது கொடுத்துக் கேட்பேன். ஒன்றும் கேட்காது.

இதை அவள் அப்பாவிடம் வாசலில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் கக்கத்தில் இருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார்.

"அவங்கம்மா கட்டிலண்ட ஒரு மணி வெச்சிருந்தேன் ரோசம்மா. கடைசில அவளால பேச முடியல. தண்ணி வோணும்னா அடிப்பா. இவதான் கொண்டும்போய்க் குடுப்பா."

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தான் நெனப்பு வருது. நான் கோர்ட்டுக்குப் போயிடுவேன். இவ மட்டுந்தான் வூட்ல..."

பிள்ளையின் ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் ஆர்மோனியத்தை மூடிவைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அதுதான் காரணமா? எனக்குத் தெரியாது. மணி அடித்தால் தண்ணீர் கொண்டுபோகிற பிள்ளை, மணி அடித்தால் தண்ணீருக்குத்தானே ஓட வேண்டும்? ஏன் மேஜைக்கு அடியில் போனாள்? ஒருநாள் மணி அடித்து அவள் போகாமல் இருந்துவிட்டாளா? யாரைக் கேட்பது? நாலு வயதுப் பிள்ளையையா?

இந்த இடத்தில் என் வீட்டு விஷயம் ஒன்று. என் சின்ன மகன் காய்ச்சலில் போன அன்று, பெரியவன் வாசலில் சோழி வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். தம்பி செத்துக் கிடக்கிறான், உனக்கு விளையாட்டா என்று அவனை அடித்தேன். அப்போது அது சரி என்றுதான் இருந்தது. சாரதா மணிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்த பிறகு அது சரியா என்று யோசித்தேன். ரொம்ப நாள் யோசித்தேன்.

கடைசி நாள்

கோடை லீவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். காரியதரிசி அம்மாள் அதே நாற்காலியில் இருந்தார். சாரதாவின் அப்பா அன்று கோர்ட்டுக்குப் போகவில்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை தங்கை வருகிறாளாம். எதற்கும் இருக்கட்டும் என்று பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாராம். காலையில் என்னிடம் சொன்னார்.

மிஸ் ரயில் பாட்டு வாசித்தார். பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சாரதா ஓடவில்லை. மூலைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மணி, துணி சுற்றியபடி.

பாட்டு நின்றது. மிஸ் என்னைப் பார்த்தார்.

என் கையில் மணி இல்லை. அன்றும் இல்லை.

"என்ன ரோசம்மா நிக்கறே? மணியை அடி" என்றார் காரியதரிசி அம்மாள்.

"கொயந்த கைல கீதும்மா."

"வாங்கு."

இரண்டு அடி போனேன். சாரதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் மணிக்கட்டு வலித்த மாதிரி இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

"வாங்கேன்."

நான் வாங்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான்.

சாரதா துணியை அவிழ்த்தாள். மணிக்குள் இருந்த தண்ணீரைத் தரையில் கொட்டினாள். நான் அப்போதுதான் துடைத்த தரை. பாவாடையால் உள்ளே துடைத்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மாதிரி மணியின் மேல் கை வைத்தாள்.

"சரியாப் போச்சு" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அடித்தாள்.

பாலு பழக்கத்தில் மேஜைக்கு அடியில் பாய்ந்தான். தலையை இடித்துக்கொண்டான். பின்னால் ஒருவரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு வெளியே வந்தான். சாரதா அவனிடம் போனாள். சாயங்காலம் நான் செய்வதுபோலவே அவன் தலையில் கை வைத்தாள். மணியை ஒரு தடவை அடித்தாள். அவன் வட்டத்தில் போய் உட்கார்ந்தான். அடுத்த பிள்ளை. தலையில் கை, ஒரு மணி. அந்தப் பிள்ளையும் போய் உட்கார்ந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை. மிஸ் வாசிக்கவில்லை. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனேன். பழக்கம்.

பதினேழு. பிறகு தன் தலையில் தானே கை வைத்துக்கொண்டாள். ஒரு மணி. பதினெட்டு. கணக்கு சரி.

காரியதரிசி அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"பேர் இருக்கட்டும் கமலம்."

வாசலில் சாரதாவின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சாரதா வட்டத்துக்குப் போகவில்லை. மிஸ்ஸைத் தாண்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். மிஸ்ஸை ஏன் விட்டாள் என்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. என் தலை அவளுக்கு எட்டவில்லை. குனிந்தேன். ஈரக் கை. தலையில் வைத்தாள். மணியை ஒரு தடவை அடித்தாள்.

கையில் இருந்த தரைத்துணியை ஓரமாகப் போட்டேன். வட்டத்தில் போய் உட்கார்ந்தேன். பாலு நகர்ந்து இடம் விட்டான். சாரதா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பிள்ளையிலிருந்து மறுபடி எண்ணினேன். நான் எப்போதும் இரண்டு தடவை எண்ணுவேன்.

பத்தொன்பது.